கோட்டையிலிருந்து நூறு மீட்டர்

சரித்திரப் புகழ் பெற்ற ஊரில் குடியிருப்பவனுக்குக் கிடைக்கும் முதல் பேறு, சொந்த மண்ணில் ஒரு கழிப்பறையைக்கூட நினைத்த மாத்திரத்தில் கட்ட முடியாது என்பதுதான். எங்கள் அஞ்சுதெங்கு அப்படிப்பட்ட ஊர். திருவனந்தபுரத்திலிருந்து வடக்கே முப்பத்தைந்து கிலோமீட்டர் போல வரவேண்டும். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் காயல், நடுவே ஒரு கீற்று மணல். 1684-இல் ஆற்றிங்கல் ராணி இந்த மணலை மிளகு வியாபாரத்துக்காக ஆங்கிலேயக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் அங்கே நாலு மூலையிலும் கொத்தளம் வைத்த கோட்டை எழுந்துவிட்டது. வாடகைக்கு வந்தவன் மதில் எழுப்பும் வழக்கம் அப்போதே இருந்திருக்கிறது.

என் தாத்தா உவரிக்காரர். கயிற்றுக் கிடங்கில் கணக்கெழுத வந்தவர். அஞ்சுதெங்குக் கயிறு என்றால் அந்தக் காலத்தில் சீமை வரை பெயர். ஆனால் அவர் வந்தது கயிற்றின் பெருமைக்காக அல்ல, ஊரில் கடன் தொல்லை தாங்காமல்தான் என்று ஆச்சி சொல்வாள். திருநெல்வேலி ஜில்லாவை விட்டுத் தப்பித்தோம் என்று அவர் நிம்மதியாக இருந்த நேரத்தில், 1927-இல், அந்த ஜில்லாவே அவரைத் தேடிக்கொண்டு வந்தது. சுற்றிலும் திருவிதாங்கூர் மகாராஜா ராஜ்யம், நடுவில் இந்தத் துண்டு மட்டும் வெள்ளைக்காரன் மண். 1906 முதல் அஞ்சுதெங்கையும் கொல்லத்தை ஒட்டிய தங்கசேரியையும் சேர்த்துத் தனி ஜில்லாவாக வைத்திருந்தார்கள். அது கட்டுப்படியாகவில்லை போலும், இரண்டையும் தூக்கித் திருநெல்வேலியோடு சேர்த்துவிட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகுதான் திருவிதாங்கூர்-கொச்சிக்கு வந்தோம். கடைசிவரை ஆச்சி, "நாங்க திருநெல்வேலி ஜில்லாலே, வேற நாட்டுக்கா வந்தோம்?" என்பாள். மலையாளத்தில் பேசினால் காது கேட்காதவள்போல இருந்துவிடுவாள். மீன் விலை மட்டும் எந்த மொழியிலும் கேட்கும்.

நான் சிறுவனாக இருந்தபோது கோட்டைக்குக் கேட்பாரில்லை. உள்ளே ஆடு மேயும். நாங்கள் பந்து விளையாடுவோம். மதிலோரம் மீன் காயும், தேங்காய்த் தொண்டு காயும். உள்ளே ஒரு சுரங்கம் உண்டு, அது கடலுக்குப் போகிறது என்று பெரியவர்கள் சொல்வார்கள். போய்ப் பார்த்தவர் யாருமில்லை. கோட்டைக்காரர்கள் விட்டுப்போன கல்லறைகளும் உண்டு. பழையது 1704-ஆம் வருஷத்தது, இவ்வூர்க் கம்பெனித் தலைவர் பிராபர்னின் மனைவி டெபோராவுடையது. இந்த உப்புக்காற்றில் அந்த அம்மாள் என்ன பாடுபட்டாளோ.

ஆக, கோட்டையும் கல்லறையும் உள்ள ஆங்கிலேய ஊர்தான். ஆனால் ஆங்கிலேய இடவகம், அதாவது பங்கு, மட்டும் இல்லை. அவர்கள் மதிலுக்குள் தங்கள் சீர்திருத்த மதத்தோடு இருந்தார்கள். வெளியே கடற்கரை முழுக்கப் போர்த்துக்கீசியர் காலத்துக் கத்தோலிக்கம். இடவகத் திருவிழா, கொடியேற்றம், சப்பரம், வெடிக்கட்டு எல்லாம் நம் தரப்பு. வெள்ளைக்காரன் ஊரில் ஒன்றேகால் நூற்றாண்டு உட்கார்ந்து, கடைசியில் 1810-இல் ஏஜென்சியை மூடினான், மண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டான். இடவகத்தில் ஒரு மெழுகுவர்த்திகூட அவன் பேரில் எரிவதில்லை.

இந்த ஊருக்கு உலகப் புகழ் தேடித்தந்தவர்கள் இரண்டு பேர் என்று புத்தகங்கள் சொல்கின்றன. ஒருவர் ராபர்ட் ஓர்ம், கம்பெனியின் சரித்திரக்காரர், 1728-இல் இங்கே பிறந்தவர். நடை பழகிய வயதில் இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். மற்றவள் எலிசா. 1744-இல் பிறந்தாள், சிறுமியாகச் சீமைக்குப் போனாள், பதினான்கு வயதில் பம்பாயில் டிரேப்பர் என்ற கம்பெனி அதிகாரிக்கு மனைவியானாள். 1767-இல் லண்டன் போயிருந்தபோது, 'ட்ரிஸ்ட்ராம் ஷாண்டி' எழுதிய லாரன்ஸ் ஸ்டெர்ன் அவள்மேல் பைத்தியமாகி, அவள் கப்பலேறிய பிறகும் நாள்தவறாமல் அவளுக்காகக் குறிப்பு எழுதினார். அடுத்த வருஷம் செத்தும் போனார். ரெய்னால் என்ற பிரெஞ்சுப் பாதிரி, எலிசாவைப் பெற்ற ஒரே காரணத்துக்காக அஞ்சுதெங்கைப் புகழ்ந்து தள்ளினார். இங்கேயே பிறந்து, இங்கேயே வலை இழுத்து, இங்கேயே செத்தவர்கள் பற்றி அவருக்கு அபிப்பிராயம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. பக்கத்துக் காயிக்கரையில் 1873-இல் பிறந்த கவிஞர் குமாரன் ஆசானையாவது மலையாளிகள் கவனித்துக்கொண்டார்கள்.

ஒருமுறை தொப்பி வைத்த வெள்ளைக்காரர் ஒருவர் வந்து, "எலிசா வீடு எது?" என்று கேட்டார். எங்கள் கடற்கரையில் எலிசாக்களுக்கா பஞ்சம்? ஆச்சி யோசிக்காமல் மீன்கூடை சுமக்கும் எலிசாவின் குடிசையைக் காட்டினாள். மனிதர் அதைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். "ஏலே, அவளுக்குக் கடன் குடுத்தவனா இவன்?" என்று ஆச்சி என்னிடம் கிசுகிசுத்தாள். குடும்ப அனுபவம் அப்படிக் கேட்க வைத்தது.

புத்தகங்கள் கொஞ்சம் அடக்கி வாசிக்கிற விஷயம் 1721. மிளகு விலையில் கம்பெனி காட்டிய கைவரிசையில் ஊரே கொதித்துப்போயிருந்தது. அந்த ஏப்ரலில் கோட்டைத் தலைவர் கிஃபோர்டு 140 பேர் வரை கூட்டிக்கொண்டு, ராணிக்குப் பரிசுகளோடு ஆற்று வழியாக ஆற்றிங்கலுக்குப் போனார். ஏறக்குறைய யாரும் உயிரோடு திரும்பவில்லை. கோட்டையில் மிஞ்சியவர்கள் ஆறு மாதம் முற்றுகையில் கிடந்தார்கள். தலச்சேரியிலிருந்து உதவி வந்துதான் மூச்சு விட்டார்கள். கிஃபோர்டின் மனைவி தப்பிச் சென்னைக்குப் படகேறினாள். இந்தச் சாவோடு சேர்த்து மூன்று புருஷர்களைப் பறிகொடுத்தவள் அவள். கம்பெனி துக்கம் விசாரித்ததோ இல்லையோ, புருஷன் கணக்கைக் கேட்டு அவளை நச்சரித்தது நிஜம்.

இப்போது கோட்டை மத்திய அரசின் பாதுகாப்பில். புல்தரை, வேலி, நீலப் பலகை. ஆடு உள்ளே போகமுடியாது. கல்யாண ஜோடிகள் போகலாம், படம் எடுக்கலாம். 2010-இல் திருத்திய சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து நூறு மீட்டருக்குள் புதுக்கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் இருநூறு மீட்டருக்கு அனுமதி வேண்டும். பழைய வீட்டைப் பழுதுபார்க்கவும் அனுமதி. தாத்தா கட்டிய வீடு அந்த நூறுக்குள் இருக்கிறது. பின்பக்கச் சுவர் சாய்ந்தபோது மனுப்போட்டேன். அளக்க வந்தவர் நாடாவைக் கோட்டை மதிலில் வைத்துப் பிடித்து, எங்கள் வாசல்படி வரை சென்டிமீட்டர் சுத்தமாக அளந்தார். அப்படியே பின்னால் கடலுக்கும் எவ்வளவு என்று பாருங்களேன் என்றேன். அது வேறு துறை என்றார்.

அந்தத் துறையும் அளக்கத்தான் செய்கிறது. முதலப்பொழிக் கழிமுகத்தில் புலிமுட்டு, அதாவது அலைத்தடுப்புச் சுவர், போட்ட பிறகுதான் வடக்கே கரை அரிக்கிறது என்று வள்ளக்காரர்கள் வாய் ஓயாமல் சொல்கிறார்கள். அரசாங்கம் 'புனர்கேகம்' என்று ஒரு திட்டம் வைத்திருக்கிறது. கடலிலிருந்து ஐம்பது மீட்டருக்குள் இருக்கும் மீனவக் குடும்பம் வீட்டை விட்டுக்கொடுத்தால், நிலத்துக்கும் வீட்டுக்குமாகப் பத்து லட்சம். ஆகமொத்தம், இந்தப் பக்கம் நூறு மீட்டரில் கட்டக்கூடாது, அந்தப் பக்கம் ஐம்பது மீட்டரில் இருக்கக்கூடாது. நடுவில் எஞ்சிய இடத்தில் நாங்கள் சரித்திரப் பெருமையோடு வசிக்கலாம்.

என் தம்பி கடல் தொழிலுக்குப் போனவன். அவன் வீடு அந்த ஐம்பதுக்குள். போன வருஷம் கையெழுத்துப் போட்டுப் பணத்தை வாங்கி, ஆற்றிங்கல் பக்கம் மூன்று சென்ட் வாங்கிவிட்டான். கிஃபோர்டு போன ஊருக்கே போகிறாயே, பார்த்து நடந்துகொள் என்றேன். "கிஃபோர்டு தராசில் கை வைத்தான், நான் பத்திரமே பதிந்துவிட்டேன்" என்று சொல்லிவிட்டு லாரிக்காரனிடம் வாடகை பேசப் போனான்.