காது கெட்டால் வயிறு பிழைக்கும்

ஆஷ்டன் கிரேபியல் அடிப்படையில் இதயநோய் மருத்துவர். இசிஜி பார்ப்பது எப்படி என்று புத்தகமே போட்டவர். பாஸ்டனிலேயே கௌரவமாகக் காலத்தை ஓட்டியிருக்கலாம். விதி அவரை அமெரிக்கக் கடற்படையில் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஃப்ளோரிடாவின் பென்சகோலாவில், விமான மருத்துவப் பள்ளியில், சும்மா இருக்கிற ஆட்களைப் பிடித்துச் சுற்றவிட்டு, யாருக்கு எப்போது குமட்டுகிறது என்று குறித்துவைப்பதே அவர் பிழைப்பாகிப் போனது. சம்பளம் அரசாங்கத்துடையது.

இதற்கென்றே ஒரு வட்ட அறை கட்டினார்கள். ஜன்னல் கிடையாது. நிமிடத்துக்கு 10 சுற்று. ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தால் சமாளித்துவிடலாம். கீழே விழுந்த பென்சிலை எடுக்கத் தலையைச் சாய்த்தால் தொலைந்தது. உள்காதின் அரைவட்டக் குழாய்களில் இருக்கும் திரவம், 'கவிழ்கிறோம்' என்று கூச்சல் போடும். கண்ணோ, 'அதெல்லாம் ஒன்றுமில்லை, சுவர் சுவராகத்தான் இருக்கிறது' என்று சாதிக்கும். சாட்சிகள் முரண்பட்டால் கோர்ட்டில் வழக்கு தள்ளுபடியாகும். மூளை கோர்ட்டில் மட்டும் சம்பந்தமே இல்லாத வயிற்றுக்குத் தண்டனை விழும்.

1950-களின் கடைசி. மனிதனை விண்வெளிக்கு அனுப்பும் அவசரத்தில் நாடு இருந்தது. மேல் கீழ் தெரியாத இடத்தில் காது என்ன செய்யும்? அதைத் தெரிந்துகொள்ள, அந்தக் காது வேலையே செய்யாத ஆட்கள் வேண்டும். வாஷிங்டனில் காதுகேளாதோருக்கான கலாடெட் கல்லூரியிலிருந்து 11 பேர் கிடைத்தார்கள். ஒருவரைத் தவிர மற்றவர்கள் சின்ன வயதில் மூளைக்காய்ச்சல் கண்டு செவித்திறனை இழந்தவர்கள். கேட்கும் திறனோடு உள்காதின் சமநிலை உறுப்பும் போயிருந்தது. ஆக, மயக்கம் வரவழைக்கும் பொறி அவர்களிடம் இல்லவே இல்லை.

கிரேபியல் குழு தன் வித்தைகளையெல்லாம் காட்டிப் பார்த்தது. நான்கு பேரைச் சுழலும் அறையில் தொடர்ந்து 12 நாள் குடிவைத்தார்கள். எடையின்மை வரும்படி விமானத்தை மேலே ஏற்றித் தொபுக்கடீரென்று இறக்கினார்கள். வயிறு அசைந்தே கொடுக்கவில்லை.

கடைசியில், கடல் என்ன சொல்கிறது பார்ப்போம் என்று கனடாவின் நோவா ஸ்கோஷியா பக்கம் ஒரு படகில் ஏற்றினார்கள். அலை ஆளைத் தூக்கிப் போடுகிற கடல். சோதிக்கப்பட வேண்டியவர்கள் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். பேச்சுக்கும் குறைவில்லை, சைகை மொழிக்கு அலைச் சத்தம் ஒரு தடையா? சோதிக்க வந்த விஞ்ஞானிகள்தான் சுருண்டு விழுந்தார்கள். குறிப்பு எழுத ஆளில்லாமல் சோதனையே ரத்தானது. அறிவியல் வரலாற்றில் எலி நன்றாக இருக்க, சோதித்தவர் படுத்துக்கொண்ட சம்பவம் இன்னொன்று இருந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

இவ்வளவு பொருத்தமான 11 பேரில் யாரை ராக்கெட்டில் ஏற்றினார்கள் என்றுதானே கேட்கிறீர்கள்? ஒருவரையும் இல்லை. உடற்தகுதி விதி அப்படி. நல்ல காது உள்ளவர்களே போனார்கள். 1961 ஆகஸ்டில் ஒரு நாளுக்குமேல் பூமியைச் சுற்றிய ரஷ்யர் கெர்மன் டிட்டோவ், விண்வெளியில் வாந்தி எடுத்த முதல் மனிதர் என்ற பெருமையோடு இறங்கினார்.

கிரேபியல் விடவில்லை. 1973-இல் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்துக்கே தன் சுழல் நாற்காலியை அனுப்பிவைத்தார். சில நாள் அங்கே பழகிவிட்டால், பூமியில் ஆளை வீழ்த்திய வேகத்தில் சுற்றினாலும் ஒன்றும் ஆவதில்லை என்று தெரிந்தது. அந்தச் சில நாள்தான் சிக்கல். அந்த நவம்பரில் போன கடைசிக் குழுவில் வில்லியம் போக் இருந்தார். வானத்தில் குட்டிக்கரணம் அடிக்கும் தண்டர்பேர்ட்ஸ் குழுவில் விமானம் ஓட்டியவர். போன முதல் நாளே வாந்தி. கூட இருந்தவர்கள், 'பையைக் குப்பையோடு தள்ளிவிடலாம், கீழே சொல்ல வேண்டாம்' என்று பேசி முடித்தார்கள். பேச்சு முழுவதையும் கப்பலின் ஒலிப்பதிவுக் கருவி சமர்த்தாகப் பதிவுசெய்து பூமிக்கு அனுப்பிவிட்டது.

உலகமே கேட்கும் ரேடியோவில் அவர்களைக் கண்டித்தவர் விண்வெளி வீரர்களின் தலைவர் ஆலன் ஷெப்பர்ட். இதே ஷெப்பர்ட் மெனியர் நோயால், அதாவது உள்காதுக் கோளாறால், தலை சுற்றிச் சுற்றி, 1960-களில் பல ஆண்டுகள் பறக்கவிடாமல் உட்காரவைக்கப்பட்டவர். 1968-இல் காதில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். வெளியே தெரியக் கூடாதென்று பொய்ப் பெயர் கொடுத்து ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தார்.