அள்ளுதவனைத் திட்டாதலே

ஏலே பேராண்டி, உன் கோ புரோகிராம் அப்பப்ப மூச்சு வாங்குதுன்னு போன்ல புலம்புதியே, எல்லாம் கார்பேஜ் கலெக்டர் பண்ணுத வேலைன்னு வேற சொல்லுத. அள்ளுதவனைத் திட்டுதியே, குப்பையைப் போட்டது யாருலே?

ஸ்டாக்குங்கறது பந்தி இலை. ஃபங்ஷன் எந்திரிச்சதும் இலையும் போச்சு, தேடுத வேலையே கிடையாது. ஹீப்ல வச்சியோ, இதை இன்னும் எவனாவது பிடிச்சுக்கிட்டு இருக்கானான்னு கலெக்டர் ஒவ்வொரு பாயிண்டரா விசாரிச்சுத்தான் எடுக்கணும்.

நீ என்ன பண்ணுத? ரெண்டே ரெண்டு இன்ட் உள்ள ஸ்டிரக்டை, காப்பி எடுத்தா செலவுன்னு பாயிண்டரா ரிட்டர்ன் பண்ணுத. 16 பைட்டைக் காப்பி எடுத்தா மெஷினுக்கு இடுப்பு பிடிச்சுக்கிடுமாக்கும்! அட்ரஸ் ஃபங்ஷனைத் தாண்டிப் போச்சுன்னா கம்பைலர் அதை ஹீப்புக்குத் தள்ளிருவான். ஃபங்ஷன் சின்னதா இருந்தா, கூப்பிட்ட இடத்துலயே விரிச்சுப் போட்டு சில நேரம் உன் மானத்தைக் காப்பாத்துவான். நீ எழுதுத ஃபங்ஷன் எங்க சின்னதா இருக்கு?

எது தப்பிச்சு வெளிய போவுதுன்னு கணக்குப் பாக்கதுக்குத்தான் எஸ்கேப் அனாலிசிஸ்னு பேரு. பில்டு பண்ணும்போது ஜிசிஃபிளாக்ஸ்ல மைனஸ் எம் போட்டுப் பாரு, ‘மூவ்டு டு ஹீப்’னு வரி நம்பரோட காட்டிக்கொடுத்துரும். சும்மா மதிப்பைப் பாக்க ஊடால ஊடால பிரிண்ட்எல்என் போட்டியே, அதுவும் அந்த லிஸ்ட்ல நிக்கும். இன்டர்ஃபேஸ்ல ஏறிப் போவுதுல்லா!

சி ஷார்ப்ல ஸ்டாக்அலாக்னு போட்டு ஸ்டாக்ல இடத்தை நீயே கேட்டு வாங்கலாம். ஜாவாவுல ஹாட்ஸ்பாட், வெளிய போகாத ஆப்ஜெக்டை உடைச்சு ஃபீல்டை மட்டும் ரெஜிஸ்டர்ல வச்சுக்கிடுவான், நியூ போட்டவனுக்குத் தெரியவே தெரியாது. கோவுல கேட்கவே வழி இல்ல, எழுதுத விதத்துல வாங்கிக்கணும்.

ஸ்டாக் நிரம்பிரும்னு நடுங்காத. கோரூட்டீன் குறைஞ்சது 2 கேபி ஸ்டாக்கோட பொறக்கும், பத்தலைன்னா பெரிசா ஒண்ணு எடுத்து எல்லாத்தையும் அங்க மாத்திக்கிடும்.

அதுக்காகத் தாத்தா சொன்னாருன்னு ராத்திரியோட ராத்திரியா எல்லாப் பாயிண்டரையும் அறுத்துப் போட்டுராத. மெத்தடு உள்ள மதிப்பை மாத்தணும்னா பாயிண்டர் வேணும்லா. மொதல்ல பென்ச்மெம் போட்டு ஓட்டு, ஒரு தடவைக்கு எத்தனை அலாகேஷன்னு பாரு. கூடுதலா இருக்க இடத்துல மட்டும் கை வை. அதுக்கப்புறமும் மூச்சு வாங்குனா கலெக்டரைத் திட்டு, நானும் கூடச் சேர்ந்து திட்டுதேன்.