நிற்க வைத்து அழகு பார்க்கும் நிர்வாகத்துக்கு

கருணையே வடிவான எங்கள் ஜவுளிக்கடை முதலாளி ஐயா அவர்களுக்கு, மூன்றாம் மாடி பட்டுப் பிரிவில் நிற்பவள் வணக்கத்துடன் எழுதுவது.

சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டில் நீங்கள் பொதுமக்களுக்கு வழங்கிய சிமெண்டு பெஞ்சுகளைக் கண்குளிரப் பார்த்தேன். பார்க்காமல் எப்படி? யூனிஃபார்ம் புடவையில் எங்களை வரிசையாக நிறுத்தி, கையில் ஆரத்தித் தட்டும் கொடுத்திருந்தீர்களே. முதுகு சாயும் இடத்தில் உங்கள் பெயர், அதற்குக் கீழே ‘சமூகப் பொறுப்பு’. கூட்டம் கலைந்த பிறகு ஒரு பெஞ்சின் ஓரத்தில் லேசாக உட்கார்ந்தேன். “அது பப்ளிக்குக்கும்மா, எந்திரி” என்றார் ஃப்ளோர் மேனேஜர், பூக்கார அக்கா பார்த்துக்கொண்டிருக்கும்போதே. நான் பப்ளிக்கில் சேர்த்தி இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எழுந்து நின்றேன்.

சட்டமும் உங்கள் பக்கம்தான் ஐயா. 2013 கம்பெனிச் சட்டம் 135ஆம் பிரிவு, பெரிய கம்பெனிகள் மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிடச் சொல்கிறது. சொந்த ஊழியர்களுக்கு மட்டும் செய்கிற நல்லது அந்தக் கணக்கில் வராது. கணக்கில் வராத காலுக்கு எதற்கு ஸ்டூல்? நியாயம்தான், நிற்கிறோம்.

2021இல் நம் சட்டசபை வேலையற்றுப்போய் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒன்றைச் சேர்த்தது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைத்தால் உட்கார ஊழியர்கள் எல்லோருக்கும் இருக்கை வேண்டுமாம். கேரளக்காரர்கள் 2018லேயே இப்படி ஒரு சட்டம் போட்டுக் கெட்டுப்போனவர்கள். நாம் அதையும் மதிக்கிறோம். லேபர் இன்ஸ்பெக்டர் வருகிற அன்று குடோனிலிருந்து பிளாஸ்டிக் ஸ்டூல்கள் மேலே வரும். அவர் இறங்கியதும் அவையும் இறங்கும், லிஃப்டில். எங்களுக்குப் படிக்கட்டு.

ஐந்து மாத வயிற்றோடு ஒருத்தி ராக்கில் சாய்ந்ததைக் கேமராவில் பார்த்து, மாடி முழுக்கக் கேட்கும்படி மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அரைநாள் சம்பளத்தைப் பிடித்தீர்களே. சோற்றில் உப்புப் போட்டுத்தானே சாப்பிடுகிறீர்கள்? அவள் காலில் நரம்பு கயிறு மாதிரி புடைத்து நிற்கிறது. அதுவும் நிற்கத்தான் செய்கிறது.

போகட்டும். தங்கள் வியாபாரம் நிலைத்து நிற்கட்டும். நாங்களும் கூடவே நின்று பழகியவர்கள்தான்.

ஒரே ஒரு விண்ணப்பம். மாடிக்கு நாலு ஸ்டூல் போடுங்கள். புண்ணியம் வீணாகிவிடுமே என்று கவலை வேண்டாம். ஒவ்வொரு ஸ்டூலிலும் உங்கள் பெயரைப் பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள். நாங்கள் அதன் மேலேயே உட்கார்ந்துகொள்கிறோம்.