அருவிக்கு ஒரு சோதனைச் சாவடி

சீசன் தொடங்குமுன் குற்றாலத்துக்கு அவசரமாக ஓர் அரசாணை வேண்டும். பேரருவி வாசலில் ஒரு சாவடி. எண்ணெய் தேய்த்துக்கொண்டு வருகிறவரிடம், "உங்க ஊர் அரசாங்கம் யோக்கியமானதா?" என்று விசாரித்த பிறகே தலையை நனைக்க விட வேண்டும். முல்லைப் பெரியாறு தகராறு தீரும்வரை மலையாளிக்கு ஐந்தருவியில் ஒரு கிளைகூடக் கிடையாது.

ஐந்தருவிப் பக்கம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள். "சீசன் யாவாரத்துல மண்ணள்ளிப் போடவா வந்தீரு வே?" என்று சிப்ஸ் பொரிக்கிற அண்ணாச்சி ஜல்லிக்கரண்டியைத் தூக்குவார். நஷ்டம் அவருடையதல்லவா?

அடுத்தவன் நஷ்டம் என்றால்தான் நமக்கு இன உணர்வு பொங்கும். 2012 செப்டம்பரில் பொங்கியது. கொழும்பு ராயல் கல்லூரிப் பையன்கள் சென்னை நேரு விளையாட்டரங்கில் சிநேகமாக ஒரு கால்பந்து ஆட்டம் ஆடிவிட்டார்களாம். அன்றைய முதல்வர் ஜெயலலிதா அவர்களைத் திருப்பி அனுப்பினார். மைதானம் கொடுத்த அதிகாரி சஸ்பெண்ட். அன்றிரவு இலங்கை அதிபர் ராஜபக்சேவுக்குத் தூக்கம் வந்திருக்காது, பாவம்! 2013 ஐ.பி.எல்.லில் இலங்கை வீரர் எவரும் சேப்பாக்கத்தில் கால் வைக்கக் கூடாது என்றானது. மலையகத் தமிழர், சென்னையின் மருமகன் முத்தையா முரளிதரனும் வெளியே.

ஈழப் போரில் தமிழர் கொல்லப்பட்டதற்கான கோபம் நியாயம்தான். வர வேண்டிய நேரத்தில் அது எங்கே போயிருந்தது? மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு பாகிஸ்தான் பயணத்தை ரத்து செய்த இந்திய கிரிக்கெட் அணி, பதிலுக்குப் போன இடம் இலங்கை. 2009 ஜனவரி 28, தம்புள்ளையில் முதல் ஆட்டம். வன்னியில் சனம் பதுங்குகுழிக்குள். மறுநாள் சென்னை சாஸ்திரி பவன் வாசலில் முத்துக்குமார் தன்னையே எரித்துக்கொண்டார். தொடர் நின்றதா? ஐந்து ஒருநாள் போட்டிகளும் ஒழுங்காக நடந்தேறின. முள்ளிவாய்க்காலில் பிணம் குவிந்த அந்தச் சித்திரை வைகாசியில் இதே முரளி சென்னையின் மஞ்சள் சட்டையில் பந்து வீசினார். தென்காசி டீக்கடை வரைக்கும் விசிலடித்தோம். கொலை நடந்தபோது விசில். நாலு வருஷம் கழித்து வீரம்.

பொருளாதாரத் தடை வேண்டுமென்று 2011-இல் சட்டமன்றமே தீர்மானம் போட்டது. டெல்லி சீந்தவில்லை. 2000 முதல் நடப்பில் இருக்கும் இந்திய–இலங்கைத் தடையற்ற வணிக ஒப்பந்தத்தில் ஒரு கீறல் விழவில்லை. சரக்குக்கு வழி விட்டார்கள், பள்ளிக்கூடப் பையன்களை மறித்தார்கள்.

விளையாட்டைப் புறக்கணிப்பதே வீண் என்பவர்கள் 1974-ஐப் பார்க்கட்டும். டேவிஸ் கோப்பை இறுதிச்சுற்றுக்குப் போன இந்தியா, நிறவெறித் தென்னாப்பிரிக்காவுடன் ஆட மறுத்தது. அணியில் சென்னையின் அமிர்தராஜ் சகோதரர்கள். ஆடாமலே கோப்பை எதிரிக்குப் போயிற்று. இந்தியாவுக்கு இன்றுவரை அது கிடைக்கவில்லை. அப்படிக் கைப்பொருளைக் கொடுத்துவிட்டுப் பேசினால் கேட்கலாம்.

அடுத்த முறை எவராவது மேடையேறி, 'தடை, தடை' என்று முழங்கினால், தென்காசிக்காரர்களே, மைக்கைப் பிடித்து ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இதுல உம்ம பையிலேருந்து எவ்வளவு போகுது வே?"