பாட்டனார் பெட்டியிலிருந்த பவுன் காசு

கேள்வி: பாட்டனார் பெட்டியில் 1918-ஆம் வருஷத்துப் பவுன் காசு கிடைத்தது. லண்டன் ஏலத்துக்கு அனுப்பி விற்கலாமா?
– பொள்ளாச்சி வாசகர்

பதில்: நூறு பிராயம் கடந்த நாணயத்தை 1972-ஆம் வருஷத்துச் சட்டம் புராதனப் பொருளாகக் கருதுவதால், பாட்டனாரின் காசுக்குச் சீமைப் பயணம் கிடையாது. வெள்ளலூர் மண்ணில் புதையலாய் அகப்பட்ட ரோமானியக் காசுகளை எண்ணிப்பாருங்கள். அன்று ஐரோப்பாவே தன் நாணயத்தை நம் கொங்கு நாட்டுக்குக் கொண்டுவந்தது! அனுப்ப முடியாதே என்று அவசரப்பட்டுக் கோவை ராஜ வீதியில் உருக்கக் கொடுத்துவிடாதீர்கள். குதிரை வீரன் உருவத்தின் கீழ், வருஷ எண்ணுக்கு மேலே, ‘ஐ’ என்னும் சிறிய ஆங்கில எழுத்து இருந்தால், அது பம்பாய் நாணயச் சாலையில் அந்த ஒரே வருஷம் மட்டும் இம்முத்திரையோடு அடிக்கப்பட்டது. அதிலுள்ள ஏழேகால் கிராம் சொக்கத் தங்கத்துக்கும் மேலாக, சேகரிப்போர் அதற்கு மதிப்பளிப்பர். புளியிட்டுத் தேய்க்காமல், பம்பாய், பெங்களூர் நாணய ஏலக்காரர்களிடம் காட்டுங்கள்.