குவார்ட்டர்ஸ்வாசிகளின் குறிக்கோள்: தோற்றமும் தேய்வும்
(மோதி பாக்கை முன்வைத்து ஒரு டைரிவழி ஆய்வு)

1. ஆய்வுக் களம்

தென்மேற்குத் தில்லியில், ரிங் ரோட்டின் ஓரமாக, தவுலா குவானுக்கும் பிக்காஜி காமா பிளேசுக்கும் நடுவில் இருக்கிறது மோதி பாக். பெயருக்கு முத்துத் தோட்டம் என்று பொருள். களஆய்வில் முத்து எதுவும் கிடைக்கவில்லை. கிடைத்தவை மத்திய அரசு ஊழியர் குவார்ட்டர்ஸ், ஒரு குருத்வாரா, தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில் ஒன்று, அந்தப் பள்ளியை நம்பி அலாட்மென்ட் கேட்டு வாங்கி வந்த தமிழ்க் குடும்பங்கள்.

“வாழ்க்கையில் நீண்டகாலக் குறிக்கோள் வைத்துக்கொள்வது எப்படி?” என்ற கேள்வியை ஆராய உலகில் எத்தனையோ இடங்கள் இருக்க, மோதி பாக் எதற்கு என்று தேர்வுக்குழுவினர் கேட்கலாம். காரணம் மெட்ரோ ஸ்டேஷனின் பலகையிலேயே இருக்கிறது. 2018 ஆகஸ்டில் பிங்க் லைனில் திறக்கப்பட்ட இந்த ஸ்டேஷனின் முழுப்பெயர் ‘சர் எம். விசுவேசுவரய்யா மோதி பாக்’. மைசூரின் அந்த இன்ஜினியர்தான் 1934இல் இந்தியாவுக்குத் திட்டமிட்ட பொருளாதாரம் வேண்டும் என்று புத்தகம் எழுதி, பத்தாண்டில் நாட்டு வருமானத்தை இரட்டிப்பாக்க வழி சொன்னவர். நாட்டின் முதல் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கியதோ 1951இல். ஆக, திட்டம் போட வேண்டும் என்ற யோசனைக்கும் திட்டம் போடுவதற்கும் இடையில் 17 ஆண்டுகள். மோதி பாக்வாசிகள் யாரும் இந்தக் கால அளவைக் கண்டு வியப்பதில்லை. விசுவேசுவரய்யா நூறு வயது வரை வாழ்ந்தவர். காத்திருக்க அவருக்கு வசதி இருந்தது என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம்.

2. முன்னோர் ஆய்வுகள்

குறிக்கோளைக் காகிதத்தில் எழுதி வைத்தால் பலிக்கும் என்று சொல்லும் சுயமுன்னேற்ற நூல்கள் அநேகமாக எல்லாமே ஓர் ஆய்வை மேற்கோள் காட்டும். 1953இல் யேல் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்த மாணவர்களில் நூற்றுக்கு மூன்று பேர் மட்டும் தங்கள் குறிக்கோளை எழுதி வைத்திருந்தார்களாம்; இருபது ஆண்டு கழித்துப் பார்த்தால் மற்ற தொண்ணூற்றேழு பேரின் சொத்தையும் கூட்டினாலும் அந்த மூவரின் சொத்துக்கு ஈடாகவில்லையாம். கேட்கக் கேட்க ஆசையாக இருக்கும் இந்த ஆய்வில் ஒரே ஒரு குறைதான்: அது நடக்கவே இல்லை. அப்படி எதுவும் எங்களிடம் இல்லை என்று யேலே கைவிரித்துவிட்டது. அந்த வகையில், குவார்ட்டர்ஸ் மாடிப்படியில் உட்கார்ந்து நடத்தப்பட்டதே ஆனாலும், உண்மையில் நடந்தது என்ற ஒரு பெருமை இந்த ஆய்வுக்கு உண்டு.

உளவியலார் டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் ‘திட்டமிடல் பிழை’ என்று ஒன்றைச் சொன்னார்கள். எந்த வேலைக்கும் எவ்வளவு நாள் ஆகும் என்று கணிக்கும்போது மனிதன் குறைத்தே கணிப்பான். கானமனே ஒரு பாடநூல் எழுதும் குழுவில் இருந்தார். இரண்டாண்டு வாக்கில் முடியும் என்று குழு கணித்தது, எட்டாண்டு ஆனது, முடிந்த நூலையும் யாரும் பயன்படுத்தவில்லை. பிழையைக் கண்டுபிடித்தவரே தப்பவில்லை என்றால், செக்‌ஷன் ஆபீசர் எம்மாத்திரம்?

நம்மவர்களில் வள்ளுவர் இதைப் பொருட்பாலில் முறையாகவே அடுக்கிவிட்டார். 47ஆம் அதிகாரம் தெரிந்துசெயல்வகை, 48 வலியறிதல், 49 காலமறிதல், 50 இடனறிதல். முதலில் யோசனை, பிறகு பலம், பிறகு காலம், கடைசியில் இடம். மோதி பாக்கில் இந்த அடுக்கு தலைகீழ். முதலில் இடம்: குவார்ட்டர்ஸ் அலாட் ஆகிவிடுகிறது. பிறகு காலம்: ரிட்டையர்மென்ட் தேதி சர்வீஸ் புக்கில் ஏறிவிடுகிறது. பிறகு வலிமை: டி.ஏ. அரியர்ஸ் வந்ததா என்று பார்க்கிறார்கள். யோசிப்பது பெட்டி கட்டும்போது. ஆக, இங்கே குறளை 50இலிருந்து 47க்குப் பின்னோக்கிப் படிக்கும் ஒரு தனி மரபு நிலவுகிறது என்று துணிந்து கூறலாம்.

3. மூல ஆவணங்கள்

இவ்வாய்வின் முதன்மைச் சான்று அரசு டைரி. 1989 முதல் 1997 வரை என் அப்பா எழுதிய ஒன்பது டைரிகள் பரணில் ரஜாய்ப் பெட்டிக்கு அடியில் கிடைத்தன. மேல்வீட்டு மாமா கபாடிவாலாவிடம் எடைக்குப் போட இருந்த இரண்டு டைரிகள், கிலோ விலையைக் காட்டிலும் கூடுதல் கொடுத்து மீட்கப்பட்டன. இனி இத்தகைய சான்றுகள் கிடைக்க வழியில்லை. அமைச்சகங்களும் துறைகளும் காலண்டர், டைரி அச்சிடக் கூடாது என்று 2020 செப்டம்பரில் நிதி அமைச்சகம் உத்தரவு போட்டுவிட்டது. நடுவண் அரசு ஊழியரின் குறிக்கோள் வரலாறு அத்துடன் கற்காலத்துக்குத் திரும்பியது.

டைரியின் வெளித்தோற்றம்: மெரூன் ரெக்சின் அட்டை, பொன்னெழுத்து பிப்ரவரிக்குள் உதிர்ந்துவிடும். உள்ளே விடுமுறைப் பட்டியல். அதில் பொங்கலுக்கு மட்டும் பேனாவால் ஒரு வட்டம். ஜனவரி 1ஆம் பக்கத்தில், பிள்ளையார் சுழிக்குக் கீழே, குறிக்கோள்கள். 1989இல் இருந்தவை நான்கு:

1. காலை நடை.
2. பிராக்யா பாஸ்.
3. தாம்பரம் பக்கம் அரை கிரவுண்டு.
4. கோபம் குறை.

பிராக்யா என்பது அரசு ஊழியருக்கான இந்தித் தேர்வு வரிசையில் பிரபோத், பிரவீணுக்கு அடுத்தது. அது இரண்டே ஆண்டில் பட்டியலை விட்டு மறைகிறது. பாஸானதாலா, மனம் வெறுத்ததாலா என்று டைரி சொல்லவில்லை. அப்பாவும் சொல்லவில்லை.

ஆய்வாளரைத் திடுக்கிட வைத்தது மூன்றாவது இனம். 1989இல் ‘தாம்பரம் பக்கம்’. 1991இல் ‘வண்டலூர்’. 1993இல் ‘கூடுவாஞ்சேரி (ஸ்டேஷன் அருகில்)’. 1994இல் அடைப்புக்குறிக்குள் இருந்தது போய்விட்டது. 1995இல் ‘மறைமலை நகர்’. 1997இல் ‘சிங்கப்பெருமாள் கோயில், பார்க்கலாம்’. குறிக்கோள் நிலையானது, மனிதன்தான் அதை நோக்கி நகர்கிறான் என்று சொல்லிவந்த அறிஞர்கள் இங்கே திருத்திக்கொள்ள வேண்டும். அப்பா மோதி பாக்கில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். குறிக்கோள்தான் செங்கல்பட்டு மின்சார ரயில் தடத்தில் ஒவ்வொரு ஸ்டேஷனாகத் தெற்கே போய்க்கொண்டிருந்தது.

இன்னொரு பொதுத்தன்மையும் கவனத்துக்குரியது. எந்த டைரியிலும் குறிக்கோள் பற்றிய பேச்சு ஜனவரி பாதியைத் தாண்டுவதில்லை. மாட்டுப் பொங்கலையொட்டிப் பக்கங்கள் பால் கணக்குக்கு மாறிவிடுகின்றன. மதர் டெய்ரி பூத்தில் டோக்கன் போட்டுத் தூக்கில் பிடித்துவந்த பால், தேதிவாரியாக, ஒரு நாள் விடாமல் டிசம்பர் 31 வரை ஓடுகிறது. அம்மாவின் கையெழுத்து.

4. வகைப்பாடு

திட்டக்குழு இருந்த நகரில் குடியிருந்ததாலோ என்னவோ, குவார்ட்டர்ஸ்வாசிகளின் வாழ்க்கைத் திட்டங்கள் நாட்டின் திட்டங்களையே அச்சில் வார்த்தாற்போல் இருக்கின்றன.

அ) ஐந்தாண்டுத் திட்டம்: “பையன் பிளஸ் டூ முடிக்கட்டும், பார்க்கலாம்.” பையன் பிளஸ் டூ முடித்ததும் அவன் காலேஜ் முடிக்கும் வரை நீட்டிக்கப்படும். வீட்டுக்கு அருகிலேயே வெங்கடேசுவரா காலேஜ் இருப்பது இந்த நீட்டிப்புக்கு உதவி.

ஆ) திட்ட விடுமுறை: 1966 முதல் 1969 வரை நாட்டில் ஐந்தாண்டுத் திட்டமே கிடையாது, ஆண்டுக்கு ஒன்றாக ஒப்பேற்றினார்கள். பொருளாதார நூல்களில் இதற்குத் ‘திட்ட விடுமுறை’ என்றே பெயர். வீட்டில் கல்யாணம் நிச்சயமான ஆண்டுகள் இந்த வகை.

இ) உருளும் திட்டம்: 1978இல் ஐந்தாம் திட்டத்தை ஓராண்டு முன்னதாகவே முடித்துவிட்டுக் கொண்டுவரப்பட்டது. ஆண்டுதோறும் இலக்கைத் திருத்தி முன்னே உருட்டிக்கொண்டு போகலாம். அரை கிரவுண்டு தாம்பரத்திலிருந்து உருண்டது இப்படித்தான்.

ஈ) எல்.டி.சி. (விடுப்புப் பயணச் சலுகை) வகை: சொந்த ஊருக்குப் போகும் ஆசையை அரசே நாலாண்டு பிளாக்காக வெட்டி, இரண்டாண்டுக்கு ஒருமுறை என்று வரையறுத்துக் கொடுத்துவிட்டது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டிக்கெட் கிடைத்தால் இந்தக் குறிக்கோள் நிறைவேறும். பட்டியலில் தவறாமல் நிறைவேறியது இது ஒன்றே.

5. தேதி பற்றி ஒரு பிரச்சினை

குறிக்கோளுக்குத் தேதி வேண்டும் என்பார்கள். மோதி பாக்கில் தேதிக்குப் பஞ்சமில்லை. அரசு ஊழியர் அறுபது நிறையும் மாதத்தின் கடைசி நாளில் ரிட்டையர் ஆகிறார். ஒன்றாம் தேதி பிறந்தவர் மட்டும் முந்தைய மாதக் கடைசியிலேயே வெளியே; பெற்றோர் ஒரு நாள் பொறுத்திருந்தால் ஒரு மாதச் சம்பளம் மிச்சம். அதன்பின் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய ஆறு மாதம் வரை அவகாசம். இதைவிடத் துல்லியமான வாழ்க்கைத் திட்டம் எந்தத் தத்துவத்திலும் கிடையாது.

அதிலும் ஒரு முறை ஓட்டை விழுந்தது. மேல்வீட்டு மாமாவுக்கு 1998 மே 31 அன்று 58 முடிந்து ரிட்டையர்மென்ட். திட்டமிட்டு வாழ்கிறவர். ஏப்ரலிலேயே டிரங்குப் பெட்டி கட்டினார். கடலோரப் புழுக்கத்தில் கூலர் எதற்கு உதவும் என்று தில்லிக் கூலரை நல்ல விலைக்கு விற்றார். மே மாத நடுவில் அரசு ஓய்வு வயதை 60 ஆக்கியது. சந்தோஷம் சொல்ல மாடியேறிய அப்பாவிடம் மாமி சொன்னார்: “ரெண்டு வருஷம் சம்பளம் சரி அண்ணா, இன்னிக்கு ராத்திரிக்கு என்ன பண்றது?” அன்று தில்லி வெயிலில் மாடிச் சுவர் இரவிலும் சுட்டது. மாமா இரண்டு கோடைக்காக இன்னொரு கூலர் வாங்கினார். பிறர் கையிலிருக்கும் தேதியை நம்பித் திட்டம் போடுபவர், கூலரைக் கடைசி வாரம் வரை விற்கக் கூடாது என்பது இவ்வாய்வின் முதல் முடிவு.

6. கண்டறிந்தது

1998இல் அப்பா சிங்கப்பெருமாள் கோயிலில் அரை கிரவுண்டு வாங்கினார். ஒன்பது ஆண்டுகள் ஜனவரி 1 அன்று எழுதியதன் பலன் என்றே முதலில் கருதினேன். டைரிகளின் கடைசிப் பக்கம் அந்தக் கருதுகோளைக் கவிழ்த்தது. அங்கே, பென்சிலில், கூச்சத்தோடு எழுதியதுபோல் ஒரு பத்தி: ஜி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) பிடித்தம். 1989இல் விதிப்படி பிடிக்க வேண்டிய ஆறு சதவீதம். அடுத்த ஆண்டு கொஞ்சம் கூட. டி.ஏ. உயர்ந்தபோது இன்னும் கொஞ்சம். அக்கா கல்யாண ஆண்டில் மட்டும் ஒரு இறக்கம். மனை வாங்கப் பணம் வந்தது அந்தப் பத்தியிலிருந்துதான். குறிக்கோள் பட்டியலில் ஜி.பி.எஃப். ஓர் ஆண்டுகூட இடம்பெறவில்லை.

இதில் ஆய்வாளரின் கண்ணை நிறுத்தியது அந்த நிதியின் ஒரு விதி. சந்தாவை ஆண்டுக்கு இரண்டு முறை ஏற்றலாம். ஒரே ஒரு முறை குறைக்கலாம். மனித சுபாவத்தை இவ்வளவு தெரிந்து எழுதிய வாக்கியத்தை நான் எந்தச் சுயமுன்னேற்ற நூலிலும் பார்த்ததில்லை. குறைக்கவே கூடாது என்று சொல்லியிருந்தால் கல்யாண ஆண்டில் அப்பா மொத்தமாக உடைத்திருப்பார். இஷ்டத்துக்குக் குறைக்கலாம் என்றிருந்தால் மாதாமாதம் குறைத்திருப்பார். ஜனவரி 1 பக்கத்தில் இந்த விதி இல்லை. அங்கே எல்லாம் முழுசாக வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றும் வேண்டாம். அதனால்தான் காலை நடை ஒன்பது முறை தொடங்கி ஒன்பது முறையும் நின்றது.

7. பரிந்துரை

2004 ஜனவரி 1 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்கு ஜி.பி.எஃப். கிடையாது. ஆனால் அதன் விதியை இரவல் வாங்கிக்கொள்ள யார் அனுமதியும் தேவையில்லை. விழித்திருப்பது பதினாறு மணி நேரம் என்று வைத்தால், அதில் ஆறு சதவீதம் 58 நிமிடம். உங்களுக்கு வேண்டிய வாழ்க்கை எதுவானாலும் குறைந்தபட்ச சந்தா இதுதான்: வீணை, தமிழ் கற்பித்தல், முழங்கால் பயிற்சி, எழுத நினைத்த நாவல், எதுவாக இருந்தாலும் சரி. பெரிய எழுத்தில் எழுத வேண்டாம். அம்மாவின் பால் கணக்குபோல் தேதிக்கு நேரே ஒரு கோடு போதும். ஆண்டில் இரண்டு முறை ஏற்றுங்கள். முடியாத காலம் ஒன்று வரும். அப்போது ஒரு முறை இறக்கிக்கொள்ளுங்கள், நிறுத்திவிடாதீர்கள். இரண்டாவது முறை இறக்க மனு வந்தால் விதியைக் காட்டித் திருப்பி அனுப்புங்கள்.

தொடங்க ஜனவரி 1 வரை காத்திருக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். விதியில் அப்படி எதுவும் இல்லை.