பாவக்கணக்கு எழுதும் விஞ்ஞானிகள்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் மரபணு விஞ்ஞானிகளுக்குப் பஞ்சமே கிடையாது. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஒரு தாய் பஸ்ஸில் ஏறட்டும். ராஜபாளையத்தில் தொடங்கும் ஆராய்ச்சி, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டி ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் கண்ணில் படுவதற்குள் முடிந்துவிடும். ரத்தம் எடுக்க வேண்டாம், நுண்ணோக்கி வேண்டாம். பிள்ளையின் முகத்தை ஒரு பார்வை, தாயின் தாலியை ஒரு பார்வை. “சொந்தத்துல கட்டிக்கிட்டீகளா?” “கிரகணத்தப்ப வெளிய கிளிய வந்தியாம்மா?” “யார் வழியில இப்படி?” கேள்வி எங்கே தொடங்கினாலும் தீர்ப்பு விழுவது தாய் தலையில்தான். தகப்பன் வம்சம் எப்போதும் பத்தரை மாற்றுத் தங்கம்.

மரபு ஆராய்ச்சி எங்களுக்குப் புதிதல்ல. ராஜபாளையம் நாய்க்கு மூக்கு இளஞ்சிவப்பாக இருக்கிறதா, தாய் எந்த வீட்டுது, தகப்பன் எந்தத் தோட்டத்துது என்று தலைமுறை சொல்லும் ஊர் இது. அந்த வெள்ளைக் குட்டிகளில் சில, காது கேளாமலே பிறக்கும். வெள்ளை நிறத்தோடு சேர்ந்து வரும் சங்கதி அது என்று விவரம் தெரிந்தவர் நிதானமாக விளக்குவார். போன ஜென்மத்தில் அந்தக் குட்டி யாரைக் கடித்தது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நாய்க்கு அறிவியல், மனிதக் குழந்தைக்குப் பாவக்கணக்கு.

ஸ்ரீவில்லிபுத்தூர் இன்னும் ஒருபடி மேல். துளசி வனத்தில் கிடந்த குழந்தையைக் குலம் கோத்திரம் கேட்காமல் பெரியாழ்வார் எடுத்து வளர்த்தார் என்பதுதான் ஊரின் பெருமையே. ஆடிப்பூரத்துக்கு அந்தப் பிள்ளைக்காகத் தேர்வடம் பிடித்து இழுக்கிறோம். அதே கூட்டத்தில் டவுன் சிண்ட்ரோம் உள்ள பையன் ஒருவன் அருகே வந்து நின்றால், நம் பிள்ளையை இந்தப் பக்கம் இழுத்துக்கொள்கிறோம். இரண்டு இழுப்புக்கும் ஒரே கை.

ஆராய்ச்சியாளர்களின் கவனத்துக்கு ஒரு பழைய சேதி. ஜான் லாங்டன் டவுன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1866இல் இந்த நிலையை விவரித்தார். 1959இல் பிரெஞ்சு மருத்துவர்கள் ஜெரோம் லெஜூன் குழுவினர் காரணத்தையும் வெளியிட்டார்கள்: 46 குரோமோசோம் இருக்கவேண்டிய இடத்தில் 47; 21ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று. நூற்றுக்குச் சுமார் 95 பேருக்கு இது பரம்பரையாக வருவதே அல்ல. பெரும்பாலும் கருமுட்டை, சில சமயம் விந்தணு உருவாகும்போது பிரியவேண்டிய ஜோடி பிரியாமல் போகும் தற்செயல். சொந்தத்தில் கட்டியதும் காரணமல்ல, கிரகணமும் காரணமல்ல. தாய்க்கு வயது ஏறினால் வாய்ப்புக் கூடும், இளந்தாய்மாருக்கும் பிறக்கிறது. வாட்ஸ்அப் வதந்தி ஒரு நிமிஷத்தில் வந்து சேரும் ஊருக்கு, இந்தச் சேதி வர அறுபது வருஷம் போதவில்லை.

படிக்காதவர் பேச்சு என்று தள்ளிவிடவும் வழியில்லை. 2024 ஆகஸ்டில் சென்னை அசோக் நகர் அரசுப் பெண்கள் பள்ளியில் மகாவிஷ்ணு என்ற பேச்சாளருக்கு மைக் கொடுத்தார்கள். குறையோடு பிறப்பது முற்பிறவிப் பாவத்தின் பலன் என்று மாணவிகளுக்குப் போதித்தார். அங்கே கண் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர். மறித்துக் கேட்டவர் பார்வையற்ற ஆசிரியர். செப்டம்பர் 7 அன்று பேச்சாளர் கைதானார். ஆள்தான் கைதானார், அந்தக் கருத்து எங்கள் டீக்கடைகளில் ஜாமீன்கூட வாங்காமல் திரிகிறது.

இது வெறும் வாய்ச்சவடாலாக இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். உயிர் போகிறது, ஐயா! டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு உண்டு. காலத்தில் எக்கோ எடுத்து, தேவையானால் அறுவைச் சிகிச்சை செய்தால் பிழைத்து வளரும். தைராய்டு, காது, கண் எல்லாம் பார்க்கவேண்டும். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் பட்டியலில் டவுன் சிண்ட்ரோம் பெயர் சொல்லி இருக்கிறது; சிகிச்சை இலவசம். ஊர் வாய்க்கு அஞ்சி மந்திரிக்கவும் தாயத்துக் கட்டவும் அலையும் மாதங்களில் அந்தச் சின்ன இதயம் காத்திருக்காது.

பிழைத்து வளர்ந்தால் அடுத்த தண்டனை. அக்காளைப் பெண் பார்க்க வரும் நாளில் பின்கட்டில் அடைப்பு. பள்ளிக்கூடம் கேட்டுப் போனால், “மத்த பேரண்ட்ஸ் ஒத்துக்க மாட்டாங்க.” கற்றுக்கொடுக்காமல் பூட்டிவைத்துவிட்டு, “பாவம், அதுக்கு ஒண்ணும் தெரியாது” என்று உச்சுக்கொட்டுவதும் நாமே. இன்னும் சிலர், “தெய்வக் குழந்தை” என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். சரி, அந்தத் தெய்வம் வளர்ந்து வேலை கேட்டு வந்தால்? பால்கோவா டப்பாவில் லேபிள் ஒட்டவும், சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியை மடித்து அடுக்கவும் பழக்கினால் பலரால் முடியும். கும்பிட்ட கை சம்பளம் கொடுக்க மட்டும் நீளாது.

பெரியோர்களே, அடுத்தவர் குரோமோசோமை எண்ணுவதை நிறுத்துங்கள். பேசியே ஆகவேண்டும் என்றால் அந்தப் பிள்ளையிடமே பெயரைக் கேளுங்கள். பதில் வரத் தாமதமானால் பொறுத்திருங்கள். அதுவும் இயலாதவர்களுக்கு 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. அதன் 92ஆம் பிரிவின்படி, பொது இடத்தில் அவர்களை இழிவுபடுத்த வேண்டுமென்றே அவமதித்தால் ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை. அபராதம் தனி.